ஏறாத வண்டியின் எடை

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மோட்டார் ஓடல, பக்கத்து வீட்டுல ரெண்டு குடம் தண்ணி. யாழினி ஸ்கூலுக்கு எலுமிச்சை சாதம், எனக்கும் அதே.

இன்னைக்கு:
– ஜெர்மனி கன்டெய்னர் பெட்டிக்கு வி.ஜி.எம்., எடை உறுதி (5 மணிக்குள்ள)
– சென்னை ஏஜெண்ட்டுக்கு பழைய பில் ரெண்டு
– அத்தைக்கு பி.பி. மாத்திரை
– ஸ்கூட்டி பின் டயர்

வி.ஜி.எம். 11.52க்கே போட்டாச்சு. டிஸ்பாட்ச் குமரேசன் அண்ணன் வழக்கம்போல எடைச்சீட்டை வாட்ஸ்அப்ல அனுப்பினார். அந்த நம்பரை கப்பல் கம்பெனி சைட்ல ஏத்தினேன். பெட்டி, உள்ள இருக்கற லெதர், அதை அடுக்கின மரப் பேலட் எல்லாம் சேர்த்து 15,860 கிலோ. கீழ "எடையை உறுதி செய்பவர்"ங்கற கட்டத்துல என் பேரு. எடையை உறுதி பண்ணாம எந்தப் பெட்டியும் கப்பல் ஏறக் கூடாதுங்கற ரூல் வந்ததுலேருந்து ஆம்பூர்ல இந்தத் தோல் கம்பெனிக்கு இதை நான்தான் போடறேன். ரெண்டு நிமிஷ வேலை.

மத்தியானம் டயர். பஞ்சர் கடை பைபாஸ்ல, எடை மேடையை ஒட்டினாப்ல. நம்ம வண்டிங்க எடை போடற அதே மேடை. ஸ்டூல்ல உட்கார்ந்தேன். எதிர்ல பார்த்தா மேடையைக் காணோம்.

இரும்புத் தகட்டைக் கழட்டி ஓரமா சாய்ச்சு வெச்சிருக்காங்க. கீழ குழி. குழியில மழைத்தண்ணி, அதுல ஒரு பிளாஸ்டிக் டம்ளர் மிதக்குது.

"எப்போலேருந்துங்க இப்படி?"

"வியாழக்கிழமைலேருந்து. உள்ள எடை காட்டற செல்லு போயிடுச்சாம். ரிப்பேர்க்காரன் வரணும்னாங்க." பஞ்சர்க்காரர் டியூபைத் தண்ணியில அமுக்கிட்டே சொன்னார்.

போனை எடுத்தேன். சீட்டு இருக்கு. இந்த மேடையோட பேரு. இன்னைக்குத் தேதி. நேரம் 11.38. நம்ம டிரெய்லர் நம்பர்.

இந்தக் குழி மேல எங்க ஏறும் டிரெய்லர்.

மேடை ரூம் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். பனியனோட ஒருத்தர் சாப்பிட்டுட்டிருந்தார், பக்கத்துல கம்ப்யூட்டர். போன் வந்தது, "சொல்லு... சொல்லு..."ன்னு இடது கையால தட்டினார். பிரிண்டர் கொர்ருன்னு ஒரு சீட்டைத் தள்ளுச்சு. வெளிய ஒரு லாரி கூட இல்ல.

டயருக்கு ரெண்டு ஒட்டு. மாத்திரை வாங்க மறந்துட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

எட்டே முக்காலுக்கே போயிட்டேன். டிஸ்பாட்ச் கு. அண்ணன் லோடு ஏத்தற இடத்துல டீ குடிச்சிட்டிருந்தார்.

"அண்ணே, நேத்து ஜெர்மனி வண்டி எடை மேடைக்குப் போச்சா?"

"சீட்டு அனுப்பினேனே மேடம்."

"வண்டி போச்சான்னு கேக்கறேன்."

"இன்னா மேடம் புதுசா கேக்குறீங்க. அங்க வரிசைல நின்னா ரெண்டு மணி நேரம் போயிடும். போன்ல நம்பர் சொன்னா அடிச்சு அனுப்பிடுவான். வருஷக்கணக்கா இதானே."

கோபம் வந்தது. திட்ட வாயைத் திறந்தவ, சும்மா கேட்டேன், "எந்த நம்பரை சொல்வீங்க?"

டம்ளரைக் கீழ வெச்சார். நான் எதுக்குக் கேக்கறேன்னு அவருக்கு நிஜமாவே புரியல.

"நீங்க குடுக்கறதுதான். உங்க பேக்கிங் லிஸ்ட்ல எடை இருக்குல்ல. அதோட பெட்டி எடையைக் கூட்டிச் சொல்லிடுவேன்."

என்னோட நம்பர்.

நான் டைப் அடிச்ச நம்பரை அவர் போன்ல சொல்றார். பனியன்காரர் அதை சீட்டுல அடிக்கிறார். சீட்டு என்கிட்டயே திரும்பி வருது. நான் அதைப் பார்த்து, "ஆமாம், எடை போட்டாச்சு"ன்னு கையெழுத்துப் போடறேன். நடுவுல ஒரு இடத்துலயும் எடைங்கறது நடக்கவே இல்ல.

என் இடத்துக்கு வந்து பேக்கிங் லிஸ்ட்டைத் திறந்தேன். இருபது பேலட். ஒவ்வொண்ணுக்கும் நேரா 682, 682, 682. இருபது வரியும். ஒரு கிலோ கூட ஏறல, இறங்கல. இதை நானே எத்தனை தடவ பார்த்திருக்கேன். ஒரு தடவயாவது உறுத்தியிருக்க வேணாமா.

682 எங்கேருந்து வந்தது? தேடினேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தின ஆர்டர். ஷூவுக்கு உள்ள ஒட்டற ஆட்டு லைனிங் தோல், காகிதம் மாதிரி மெலிசு. அப்போ ஒரே ஒரு பேலட்டை நிஜமா எடை போட்டு எழுதினது. அதுக்கப்புறம் வாங்கற பார்ட்டி ஆர்டரை மாத்திக் குடுத்தாங்க. இப்போ போறதுல பாதிக்கு மேல பெல்ட் தோல், எருமை, மூணரை மில்லி கனம். நான் பழைய ஷீட்டை காப்பி பண்ணி, ஆர்ட்டிக்கிள் பேரை மட்டும் மாத்தியிருக்கேன்.

லெதர் சதுர அடிக் கணக்குல போற சரக்கு. அடி குறைஞ்சா பார்ட்டி சண்டைக்கு வருவான். எடையை யாரும் கேட்டதே இல்ல.

மத்தியானம் சாப்பிடல. டப்பாவை அப்படியே மூடிட்டேன்.

நேத்தைய பெட்டி இன்னும் துறைமுகத்துக்கு உள்ள போகல, சென்னைல வெளி யார்டுல நிக்குது. ஏஜெண்ட்டுக்குப் போன். "உள்ள விடாதீங்க. முதல்ல எடை போடுங்க. வண்டியை நிஜமா மேடைல ஏத்தி."

"ஏம்மா, சீட்டு இருக்கே?"

"அந்த சீட்டு வேணாம்."

பேப்பர் புரட்டற சத்தம் கேட்டது. அப்புறம், "சரிம்மா"ன்னார். அவர் ஒண்ணும் ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியல. அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு.

ஜூலை 16, புதன்

சாயங்காலம் இடி, மழை இல்ல. யாழினி கணக்குப் பரீட்சை, 38/50.

10.20க்கு ஏஜெண்ட் போட்டோ அனுப்பினார். மேடையோட சிவப்பு எழுத்து, பக்கத்துல நம்ம வண்டி. காலி வண்டி எடையைக் கழிச்சா பெட்டி 21,430.

நான் கையெழுத்துப் போட்டது 15,860.

கால்குலேட்டர்ல மூணு தடவ போட்டேன். 5,570 கிலோ. அஞ்சரை டன் மேல. ரெண்டு யானை எடை இருக்கும், நான் இல்லவே இல்லைன்னு எழுதிக் குடுத்தது.

இந்த ரூல் வந்த வருஷம் சென்னைல ஒரு ஓட்டல்ல கூட்டி வெச்சுச் சொன்னாங்க. கப்பல்ல கனமான பெட்டி கீழ, லேசானது மேலன்னு அடுக்கறது இந்தக் காகிதத்தைப் பார்த்துதான். பொய் எடை போட்டா அடுக்கு சரியும், ஆளு சாவான்னு படம் போட்டுக் காட்டினாங்க. எனக்கு அன்னைக்கு அந்த ஓட்டல் சாப்பாடுதான் ஞாபகம்.

நம்பரைத் திருத்திப் போட்டேன். நேரம் தாண்டிடுச்சு, இந்தக் கப்பல் இல்ல, அடுத்ததுலதான். நாளைக்குப் பெரியவர் கூப்பிடுவார்.

ஜூலை 17, வியாழன்

கூப்பிட்டார்.

பெரியவர்னா முதலாளி. எழுபது தாண்டியாச்சு, இன்னும் காலைல பதனிடற டிரம்ல கையை விட்டு தோலைத் தொட்டுப் பார்ப்பார். சத்தம் போட மாட்டார். அதனாலயே பயம்.

"கப்பல் ஏன் போச்சு?"

எல்லாத்தையும் சொன்னேன். குழி, போன், 682. என் ஷீட்டுதான் மூலம்னு சொன்னேன், அதை முழுங்கல. நின்னுட்டே சொன்னேன், அவர் உட்காரச் சொன்னது காதுல விழல.

கண்ணாடியைக் கழட்டினார். "பெல்ட் தோல் ஆரம்பிச்சதுலேருந்து எத்தனை பெட்டி போயிருக்கும்?"

"நாற்பத்தி மூணு சார்."

"அத்தனையும் இப்படியேவா போச்சு?"

"ஆமாம் சார்."

முகம் வெளுத்துப்போச்சு. அப்புறம், "இனிமே ஒவ்வொரு பேலட்டும் எடை போடணும். பெட்டியும் மேடை ஏறணும். நீயே கூடப் போய் நில்லு"ன்னார். நான் எழுந்தேன்.

"அல்லா காப்பாத்தினான். இதனால யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"ஆமாம் சார்"னு சொல்லிட்டுக் கதவு வரைக்கும் வந்துட்டேன்.

கதவுகிட்ட நின்னுட்டேன்.

க்ரேன்.

போன ஐப்பசி மழையில. காவேரிப்பாக்கம் தாண்டி நம்ம டிரெய்லர் அச்சு முறிஞ்சு நின்னது. பெட்டியை வேற வண்டிக்கு மாத்த க்ரேன் கூப்பிட்டாங்க. தூக்கும்போது க்ரேன் குப்புற கவிழ்ந்தது. ஆபரேட்டருக்குக் கால் போச்சு. குடிச்சிட்டு ஓட்டினான்னு சொன்னாங்க. நானும் "ச்சே"ன்னு சொல்லிட்டு இன்சூரன்ஸ் பேப்பரை அடுக்கிக் குடுத்தேன்.

திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணாடியை மாட்டிட்டு வேற பேப்பர் படிக்க ஆரம்பிச்சிருந்தார். சொல்லல. வெளிய வந்துட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

ஃபைல் எடுத்தேன். இதுல எதுவும் கதை இல்ல, எல்லாம் என் கையால துளை போட்டுக் கோர்த்தது:

– பேக்கிங் லிஸ்ட். 20 பேலட், 682, 682. பெல்ட் தோல்.
– எடைச்சீட்டு. பெட்டி 15,820.
– வி.ஜி.எம். என் பேரு.
– இன்சூரன்ஸ் சர்வேயர் அறிக்கை: பேலட் எண்ணி எடுத்தாச்சு, சேதம் இவ்வளவு. எடை போடல. எண்ணினதோட சரி.
– க்ரேன் முதலாளி எழுதிக் குடுத்த கடிதம், நகல். "க்ரேன் பதினேழு டன் தாங்கும். பெட்டி பதினாறு டன்னுக்கும் கம்மி, எடைச்சீட்டு இணைப்பு. ஆகவே இயந்திரத்தில் குறையில்லை. ஆபரேட்டர் மது அருந்தியிருந்ததே காரணம்."

'ஆகவே.' அந்த வார்த்தையையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். ரத்தம் எடுத்துப் பார்த்த ரிப்போர்ட் எதுவும் இல்ல. யாரும் வாடை அடிச்சதுன்னு சொல்லல. பதினாறு டன்னைத் தூக்க முடியாம கவுத்தவன் குடிச்சிருக்கணும், அவ்வளவுதான் ஆதாரம். அந்தப் பதினாறு டன் நான் குடுத்தது.

கு. அண்ணன்கிட்ட கேட்டேன். கோடவுன் பின்பக்கம், யாரும் இல்லாதப்போ.

"அன்னைக்கும் போன்லதானா?"

கையில இருந்த மார்க்கர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

"மழை மேடம் அன்னைக்கு."

அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்காரர்கிட்ட சாயங்காலம் சொன்னேன். தையல் மெஷின் ரிப்பேர் முடிச்சு அப்போதான் வந்திருந்தார், கையில ஆயில். "நீயா க்ரேனைத் தூக்கின? விடு"ன்னார். கொஞ்சம் கழிச்சு, "உங்க கம்பெனில நாற்பது மெஷினுக்கு நான்தான் ரிப்பேர் பார்க்கறேன், ஞாபகம் வெச்சுக்க"ன்னார். தப்பு சொல்ல முடியல. சோப்பு எடுத்துக் குடுத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

மேல்விஷாரம் போனேன். யாழினியை அத்தைகிட்ட விட்டுட்டு, இவர்கிட்ட சொல்லாம. பஸ்ல ஜன்னல் சீட். ஆபரேட்டர் பேரும் தெருவும் ஃபைல்லயே இருந்தது. ரஹ்மத்துல்லா, 41.

கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். ரெண்டு ரூம் வீடு. வாசல் திரைக்கு அந்தப்பக்கம் அவரும் அவர் மனைவியும் ஷூ மேல்தோல் தைச்சிட்டிருந்தாங்க, கை ஊசியில. வீட்டுக்குக் குடுக்கற பீஸ் வேலை. இடது கால் முட்டிக்குக் கீழ இல்ல. லுங்கியை இழுத்து மூடிக்கிட்டார்.

"ஆம்பூர்லேருந்து வரேன். அன்னைக்கு அந்தப் பெட்டி எங்க கம்பெனிது"ன்னேன்.

அவர் மனைவி ஊசியை வெச்சுட்டாங்க. பேரு ஷாஹிதா. உட்காரச் சொன்னது ரஹ்மத்துல்லாதான்.

எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. "அன்னைக்கு என்ன ஆச்சு பாய்?"னு கேட்டேன்.

அவர் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகின குரல்ல சொன்னார். "மழை விட்டிருந்தது மேடம். போனவுடனே டிரைவர்கிட்ட எத்தனை டன்னு கேட்டேன். பதினஞ்சே முக்கால்னார். கண்ணால பாக்கணும்னேன். சீட்டைக் காட்டினார். என் வண்டி கிட்ட வெச்சுத் தூக்கினா பதினேழு தாங்கும். சரின்னு கொக்கி மாட்டினேன். ஒரு முழம்தான் ஏறியிருக்கும். பின் டயர் ரெண்டும் தரையை விட்டுடுச்சு. கேபின் முன்னாடி சாஞ்சு டிரெய்லர்ல இடிச்சது. கால் நடுவுல."

அப்புறம் குரல் மாறிச்சு.

"எட்டு மாசமா அதையே யோசிக்கறேன். க்ரேனோட பூம் கையை எந்தக் கோணத்துல வெச்சேன்? ஜாஸ்தி நீட்டிட்டேனா? ஈர மண்ணைக் கவனிக்கலையா? தொழுகைல நிக்கும்போது கூட அதான். பதினஞ்சு டன்னு மேடம். நான் இருபது வருஷமா தூக்கறேன். பதினஞ்சைப் போய் எப்படி விட்டேன்?"

"அது பதினஞ்சு இல்ல பாய்."

சொல்லிட்டேன். வேற எப்படியும் சொல்ல வரல. வண்டி மேடை ஏறவே இல்ல, சீட்டு பொய், அந்த நம்பர் நான் எழுதினது, பழைய ஷீட்லேருந்து. போன வாரம் அதே சரக்கை எடை போட்டோம்.

"எவ்ளோ இருந்துச்சு?"

"இந்தப் பெட்டி இருபத்தொண்ணரை. உங்களது எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. அதே தோல்தான், அதே இருபது பேலட்."

அவர் அழல. என்னைத் திட்டவும் இல்ல. கையிலிருந்த மேல்தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மனைவியைப் பார்த்து உருதுல ஏதோ கேட்டார், ரொம்ப மெதுவா. அவங்க முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க.

"என்ன கேட்டார்?"னு அவங்களைக் கேட்டேன்.

"'அப்போ நான் சரியாத்தான் தூக்கினேனா'ன்னு கேக்கறார்."

நான் தரையைப் பார்த்துட்டிருந்தேன். சிமெண்ட் தரை, தோல் துண்டுகள், ஒரு குழந்தை செருப்பு.

ஷாஹிதாதான் பேசினாங்க. "குடிகாரன்னு எழுதிட்டாங்கம்மா இவரை. பீடி கூடத் தொட்டதில்ல. என் தம்பியே ஒருநாள் தனியாக் கூப்பிட்டு, நெசமாவா அக்கான்னு கேட்டான். வேலூர்ல நஷ்டஈடு கேஸ் நடக்குது. ஒவ்வொரு தடவயும் அந்தப்பக்கத்து வக்கீல் அந்தச் சீட்டைத் தூக்கிக் காட்டறார்." திரும்பி என்னைப் பார்த்து, "நீங்க சொல்லிட்டுப் போக வந்தீங்களா, எழுதிக் குடுக்க வந்தீங்களா?"

நான் சொல்ல மட்டும்தான் போயிருந்தேன். அது எனக்கே அப்போதான் தெரிஞ்சது.

"எழுதித் தரேன்"னேன்.

டீ குடுத்தாங்க. குடிக்காம வர முடியல. குடிக்கவும் முடியல.

ஜூலை 21, திங்கள்

காலை அஞ்சரைக்கு எழுந்து எழுதினது. நாலாவது தாள்:

*"மேற்படி பெட்டியின் எடையை உறுதி செய்து கையெழுத்திட்டவள் நான். அந்த எடை எந்த மேடையிலும் பார்க்கப்படவில்லை. எடைச்சீட்டில் உள்ள எண், நான் வேறொரு சரக்கின் தாளிலிருந்து எடுத்து எழுதிய எண். எனவே அன்று அந்தப் பெட்டி எவ்வளவு கனமாக இருந்தது என்பது எனக்குத் தெரியாது. அந்தச் சீட்டை வைத்து யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை."*

முதல் தாள்ல "தவறுதலாக"ன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தேன். ரெண்டாவதுல அடிச்சேன். மூணாவதுல மறுபடி வந்துடுச்சு. நாலாவதுல இல்ல.

பத்து மணிக்குப் பெரியவர் முன்னாடி வெச்சேன். படிச்சார். ரெண்டாம் தடவ படிச்சார்.

"அந்த க்ரேன் பையனா?"

"ஆமாம் சார்."

"வியாழக்கிழமை இங்கயே ஞாபகம் வந்துச்சா உனக்கு?"

"கதவுகிட்ட."

உள்ளங்கையைத் தாள் மேல வெச்சார். "ஒண்ணும் ஆகலைன்னு அல்லா பேரைச் சொல்லிச் சொன்னேனே"ன்னார். என்கிட்ட சொன்ன மாதிரி இல்ல.

வக்கீலைக் கேக்கணும், மூணு நாள் குடுன்னார்.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, யாழினிக்கு கிராஃப் நோட்டு. ரெண்டும் வாங்கினேன்.

ஜூலை 24, வியாழன்

கம்பெனி வக்கீல் வேணாம்னுட்டார். கம்பெனி பேர்ல ஒரு வரியும் தர முடியாது.

பெரியவர் நேரா பார்த்துச் சொன்னார்: "உன் பேர்ல குடுக்கறதை நான் தடுக்க மாட்டேன். தடுத்தா எனக்குத் தூக்கம் வராது. ஆனா குடுத்தப்புறம் உன்ன டாக்குமெண்ட் செக்ஷன்ல வெச்சிருக்க முடியாதும்மா. ஸ்டோருக்கு மாத்துவேன். அதுக்கு மேல பார்ட்டி உன்ன வேலையிலயே வெக்காதேன்னா, என்னால சொல்ல முடியல."

சரின்னேன்.

கு. அண்ணன் சைக்கிள் ஸ்டாண்டுல வழி மறிச்சார். இவ்வளவு வருஷத்துல அவர் குரல் உசந்து கேட்டதில்ல.

"உங்களுக்கு ஸ்டோர். எனக்கு இன்னா? பொய்ச்சீட்டு வாங்கினவன் நான்தானே. ரெண்டு பொண்ணு வெச்சிருக்கேன் மேடம். நான் இன்னா எனக்காகவா பண்ணேன்? வண்டி லேட்டானா இவங்கதானே கத்துவாங்க."

"உங்க பேரை எழுதல அண்ணே. என் வேலையை மட்டும்தான் எழுதியிருக்கேன்."

"கேட்டா சொல்லுவீங்கல்ல?"

"கேட்டா சொல்லுவேன்."

என்னையே பார்த்தார். அடி வாங்கின மாதிரி இருந்தது முகம். வண்டியை உருட்டிட்டுப் போயிட்டார், ஏறக் கூட இல்ல.

ரஹ்மத்துல்லா பாயோட வக்கீல்கிட்ட கடிதம் குடுத்தாச்சு. "கடிதம் மட்டும் பத்தாது, நேர்ல வரணும்மா"ன்னார். ஆறாம் தேதி.

இவர்கிட்ட இன்னைக்குத்தான் எல்லாம் சொன்னேன், மேல்விஷாரம் போனது உட்பட. சாப்பிட்டுட்டிருந்தவர் கையை எடுத்துட்டார். "கால் எதுவரைக்கும் போயிருக்கு?"ன்னு கேட்டார். முட்டிக்குக் கீழன்னேன். தட்டை எடுத்துட்டுப் போய் அவரே கழுவினார்.

ஜூலை 30, புதன்

ஸ்டோர். பசை டின், நூல், பக்கிள். புதுசா டாக்குமெண்ட்டுக்கு வந்திருக்கற பொண்ணு ரெண்டு தடவ வந்து சந்தேகம் கேட்டா. பழைய ஷீட் எதையும் காப்பி பண்ணாதேன்னேன். ஏன்னு கேக்கல, தலையாட்டினா. கூப்பிட்டு உட்கார வெச்சு ஏன்னு சொன்னேன். முழுசா. அவ முகம் போன போக்கைப் பார்த்தா, பதினஞ்சு நாளைக்கு முன்னாடி என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

நேத்து லோடு ஏத்தின பெட்டி மேடை ஏறிச்சாம். 20,960.

தலைவலி. மழை.

ஆகஸ்ட் 6, புதன்

வேலூர். லீவு எழுதிக் குடுத்துட்டுப் போனேன். பச்சை காட்டன் புடவை. வாசல்ல ஷாஹிதாவும் ரஹ்மத்துல்லா பாயும், அவர் கக்கத்துல கட்டை ஊன்றுகோல். நான்தான் முதல்ல வணக்கம் சொன்னேன்.

கோர்ட் மாதிரி இருக்கும்னு நினைச்சேன். சாதாரண ஆபீஸ் ரூம், மேல ஃபேன், மேசைக்குப் பின்னாடி அதிகாரி ஒரு அம்மா. என் கடிதத்தைச் சத்தமா படிச்சாங்க. என் வார்த்தைங்க இன்னொருத்தர் வாயிலேருந்து வரும்போது காது சூடாச்சு.

க்ரேன் முதலாளி வக்கீல் எழுந்தார். இளம் வயசு, மரியாதையாத்தான் பேசினார்.

"அன்னைக்கு அந்தப் பெட்டி எவ்வளவு எடை?"

"தெரியாதுங்க."

"பதினேழு டன்னுக்கு மேலன்னு உங்களால சத்தியமா சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க."

"அப்போ பதினாறா கூட இருந்திருக்கலாம்?"

"எதுவா வேணா இருந்திருக்கலாம். நான் எடை போடல. யாருமே போடல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அதிகாரி அம்மா எழுதறதை நிறுத்திட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. "நீங்க எடை போடாமலா உறுதின்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமாங்க."

"எத்தனை நாளா?"

"வருஷக்கணக்கா."

அந்த அம்மா முகத்துல கோபம் இருக்கும்னு எதிர்பார்த்தேன். திகைச்சுப் போய்தான் உட்கார்ந்திருந்தாங்க.

வக்கீல் விடல. சீட்டு போன்ல வாங்கினதுன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க? டிஸ்பாட்ச்ல இருக்கறவர். அவர் வந்து சொல்லுவாரா? எனக்குத் தெரியாதுங்க. அப்போ இது கேள்விப்பட்ட விஷயம்தானே? ஆமாங்க.

அடுத்த தேதி இருபது. சீட்டு வாங்கின ஆள் வந்து சொன்னாத்தான் இது நிக்கும்னு பாயோட வக்கீல் சொல்லிட்டுப் போனார். ரஹ்மத்துல்லா பாய் படியில கட்டையை ஊன்றி நின்னு, "குடிச்சேன்னு இன்னைக்கு ஒருதரம் கூட யாரும் சொல்லல மேடம்"னார். ஷாஹிதா என் கையைப் பிடிக்கல, திட்டவும் இல்ல. "பஸ் கிடைக்குமா உங்களுக்கு?"ன்னு கேட்டாங்க.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ரோட்டுக்கு அந்தப்பக்கம் டீக்கடையில கு. அண்ணன். இஸ்திரி போட்ட சட்டை. கையில டீ இல்ல, சும்மா நின்னுட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒளிஞ்சுக்கல.

"எப்போ வந்தீங்க அண்ணே?"

"பத்து மணிக்கே."

உள்ள ஏன் வரலைன்னு நான் கேக்கல.

ஒரே பஸ். பக்கத்து சீட். பள்ளிகொண்டா தாண்டிச்சு. அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்துட்டே, "அந்த ஆளைப் பார்த்தேன் மேடம், படி இறங்கும்போது. ஒவ்வொரு படிக்கும் நின்னு நின்னு..."ன்னார். முடிக்கல.

ஆம்பூர்ல இறங்கும்போது கேட்டார்.

"அடுத்த தேதி எப்போ?"

"இருபது. புதன்கிழமை."

சட்டைப் பையிலேருந்து மார்க்கரை எடுத்து உள்ளங்கையில 20ன்னு எழுதிக்கிட்டார்.